பர்லியாரில் பூக் கேட்ட நாள்

சளக்கென்று முகத்தில் தண்ணீர் விழுந்ததும் மழைதான் வந்துவிட்டது என்று நினைத்தான் கீர்த்திவாசன். நிமிர்ந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருந்தது. எதிரே பாட்டிலும் கையுமாக ஒரு பெண்... கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

பர்லியார் அரசுப் பழப்பண்ணையில் அரை மணி நேரமாக அவன் ஒரு பேஷன் ஃப்ரூட் பூவின் முன்னால் மண்டி போட்டிருந்தான். ஊட்டி பெர்ன்ஹில்லில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறவன் அவன். லீவு கிடைத்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவான். ஊட்டிக் குளிரில் பூக்காததெல்லாம் இந்தச் சூட்டில் பூத்துக் கிடக்குமே! இன்றைக்கு ஒரு தேனீ வந்து உட்காரட்டும் என்று காத்திருந்தான். தேனீ வந்தது, உட்கார்ந்தது. அதே நேரம் பார்த்துத் தண்ணீரும் விழுந்தது. தேனீ போயே போய்விட்டது.

படத்தில் பூ மேல் பனித்துளி மாதிரி இருக்கட்டும் என்று தெளித்தாளாம். கொடிப் பந்தலுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியாதாம். சரி, சொன்னவள் மன்னிப்பாவது ஒழுங்காகக் கேட்டாளா என்றால், அதுதான் இல்லை.

“பூ கெவர்மெண்டுதுங்க. மூஞ்சி மட்டுந்தான் உங்களுது. அதுக்கு வேணா சாரி.”

அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தான். அந்தக் கண்களைப் பார்த்தான்... எடுத்து வைத்திருந்த வார்த்தை எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. மழைக்கு முந்தின நேரத்து மலை மாதிரி கருகருவென்று இருந்தன அந்தக் கண்கள். ‘இப்ப நான் கோபமா இருக்கேனா, இல்லையா?’ அவனுக்கே பிடிபடவில்லை.

அப்புறம் எப்படி இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. அவன் பலமுறை வந்தும் கவனிக்காத ஒரு ஹெலிகோனியாப் பூவை இலை மறைவிலிருந்து அவள்தான் கண்டுபிடித்தாள். சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கியது அது. அவள் போனில் எடுத்தாள், அவன் கேமராவில் எடுத்தான். யார் படம் நன்றாக இருக்கிறது என்று ஒரு சண்டை. அவன் படத்தில் பாதி அவள் விரல்கள்தான் இருந்தன என்பதை மட்டும் காட்டாமல் மறைத்துவிட்டான்.

பெயர் சசிரேகா. ஊர் கோபி. அப்பா மாரப்பனோடும் அம்மா சாந்தாமணியோடும் மலை சுற்றிப் பார்க்க வந்தாளாம். ஊர் திரும்புமுன் பண்ணையை அடுத்த ரோட்டோர மாரியம்மன் கோயிலில், இரண்டு பொட்டலத்தில் இரண்டு பூ வைத்து ஒன்றை எடுத்துப் பூக் கேட்கப் போகிறார்களாம். திருப்பூரில் ஒரு வரன். வெள்ளைச் சம்பங்கி வந்தால் ஆவணியில் கல்யாணம், செவ்வரளி வந்தால் பேச்சு முறிந்தது. ஆத்தா உத்தரவு தராமல் மாப்பிள்ளை போட்டோவைக்கூடப் பெண் பார்க்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். எந்தப் பூ வந்தாலும் கட்டுப்படுவதாக அவளும் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அவன் கேமராவை இறக்கினான். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டான். தெரியலீங்க என்றாள், பூவைப் பார்த்துக்கொண்டே. இது என்ன பதில்? சந்தோஷமா, சங்கடமா? அதற்குள் பண்ணை வாசலிலிருந்து அவள் அம்மா கூப்பிட, ஓடியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நிஜ மழையே பிடித்துக்கொண்டது. பைக்கை நிறுத்திவிட்டு அவன் ஒதுங்கிய இடம்... அதே கோயில். மாரப்பன் அவனைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். வெளி ஆள் எடுத்தால்தான் நியாயமாம், ஒரு பொட்டலத்தை எடுத்துத் தரச் சொன்னார். நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாதென்று கோயிலுக்கு வந்ததும் மகளையே பொட்டலம் கட்ட வைத்திருந்தார். அம்மன் காலடியில் காகிதப் பொட்டலம் இரண்டு. பக்கத்தில் தலை குனிந்து சசிரேகா.

அட ஆண்டவா, உலகத்தில் இத்தனை பேர் இருக்க நானா?

கீர்த்திவாசனின் அம்மா கோவைப் பக்கத்து அன்னூர்க்காரி. பூக் கேட்கிற வழக்கமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தப்புதான், பாவம்தான். ஆனால் சம்பங்கி வாசத்தை எந்தக் காகிதம் மறைக்கும்? வாசம் வருவதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் தீர்ந்தது. கும்பிடுகிற சாக்கில் குனிந்து முதல் பொட்டலத்தை மோந்தான். வாசமில்லை. இரண்டாவதை மோந்தான். அதிலும் இல்லை! சளியா பிடித்திருக்கிறது? கற்பூரம் மணக்கிறதே, ஈர மண் மணக்கிறதே! குழம்பிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

செவ்வரளி.

சாந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்தா வேண்டாமென்கிறாள் என்று பெருமூச்சு விட்ட மாரப்பன், திருப்பூருக்குத் தகவல் சொல்ல, செல்போனோடு எதிர் டீக்கடைக்குப் போனார். மனைவியும் பின்னாலேயே போனாள். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கமில்லை. சசிரேகா அதைக் கோயிலை ஒட்டிய ஓடை நீரில் விட்டுவிட்டு வந்து தூணோரம் நின்றாள். அவள் உதடு துடித்தது. அழுகையா, வேறேதாவதா... அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டோமோ? சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

“ஏனுங்க... நான் யோக்கியமா எடுக்கலீங்க. மோந்து பாத்து, சம்பங்கிய உட்டுட்டு அரளிய எடுக்கோணும்னு இருந்தேன். உங்களை இன்னொருத்தருக்குக் குடுக்கற பூவை என்ர கையால எடுக்க மனசு வரலீங்க. ஆனா ரெண்டுலயும் வாசமே வரல. சாமி குத்தம்னா அது என்னோட போகட்டும்.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயையோ, அழ வைத்துவிட்டோமே என்று பதறினான். கையை எடுத்தால்... சிரிப்பு!

“வாசம் எப்படீங்க வரும்? ரெண்டுலயும் அரளியத்தானே வெச்சுக் கட்டுனேன்.”

சாமியிடமே விளையாட்டா என்று கேட்டான்.

“பயமாத்தான் இருந்துச்சுங்க. ஆனா ஆத்தாளும் பொண்ணுதானே, புரிஞ்சுக்குவா. அந்த மாப்பிள்ளை மேல ஒரு குறையும் இல்லீங்க. காலைல வரைக்கும் எந்தப் பூ வந்தாலும் சரின்னுதான் இருந்தேன். அப்புறம்... ஒரு பூவுக்காக மண்டி போட்டு உக்காந்திருக்கற ஆளைப் பாத்துட்டேன்.”

சொல்லிவிட்டு மழையைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் இப்படியே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருந்தது அவனுக்கு. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அம்மாவைக் கோபிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான்.

“அனுப்புங்க. பொட்டலத்து விஷயத்தை ஊட்டுக்குப் போனதும் நானே அப்பாகிட்டச் சொல்லிருவேன். கொஞ்ச நாள் பேச மாட்டாரு. அப்புறம் மறுபடியும் பூக் கேப்பாரு. அப்ப பொட்டலம் எடுக்க வேற ஆள் பாக்கோணும்.”

“ஏனுங்க, நானே வந்து எடுக்கறேனே?”

அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். இறங்கியவள் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை எடுக்கக் கூடாதுங்க.”