முசுறு இல்லாத தோட்டம்

வீட்டுக்குள் நுழைந்ததுமே குவானின் மூக்கில் ஒரு புளிப்பு நெடி ஏறியது. முசுறு எறும்பை நசுக்கினால் வருமே, அந்த வாசனை. இந்த ஆரஞ்சுத் தோட்டத்தில் ஒரு முசுறுகூட மிச்சமில்லை என்பது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அத்தனையையும் கொன்றவனே அவன்தான்.

தோட்டத்துக்காரர் தியென் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்று அவருடைய திதி. படத்துக்கு முன்னால் வாத்துக் கறி, சோறு, ஒரு கிண்ணம் மீன் சாறு. விருந்துக்கு வந்த சொந்தமெல்லாம் சாப்பிட்டுப் படகேறிப் போய்விட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்றாவது அவர் மனைவி ஹுவேயிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் குவான் தங்கியிருந்தான்.

"என்ன தம்பி, வாத்தையும் ஆராய்ச்சி பண்றீங்களா? வாய்ல போடுங்க" என்றாள் ஹுவே.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரவல் வாங்கின அண்டாவ எதிர்க்கரையில குடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் சாவகாசமா பேசலாம்."

அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினாள்.

பூச்சி ஆராய்ச்சியில் குவானுக்கு நல்ல பெயர். முசுறு காவல் காக்கிற மரத்தில் எவ்வளவு பழம் தேறுகிறது என்று ஊருக்குக் காட்ட, முசுறே இல்லாத மரங்களும் அவனுக்கு வேண்டியிருந்தன. பாதித் தோட்டத்தைத் தரும்படி கேட்டான். "என் எறும்புமேல கைய வச்சே, கால்வாயில தள்ளிடுவேன்டா" என்று சிரித்தார் தியென். மருந்தே அறியாத தோட்டம் அது. கிளைகளில் கோழிக்குடலைக் கட்டித் தீனி வைப்பார். எறும்பு நடக்க மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பார். ஒருநாள் அவர் சந்தைக்குப் போன நேரம், குவான் நடுவில் இருந்த கயிறுகளை அறுத்துவிட்டு ஒரு பாதியின் குடலில் மட்டும் விஷம் தடவினான். பாதிதானே என்று நினைத்தான். திரும்பி வந்த தியென், ஐயோ பாவம், எறும்புக்கு வழி அறுந்துபோச்சே என்று எல்லாக் கயிற்றையும் முடிச்சுப் போட்டுவிட்டார். முசுறு தின்றதை வாய்க்கு வாய் ஊட்டும். மொத்தமும் செத்தது.

காவல் போனதும், சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வந்து குத்தியதில் காயெல்லாம் உதிர்ந்தது. தியென் வாழ்நாளில் முதல்முறையாக மருந்து தெளிக்கும் கருவியை இரவல் வாங்கினார். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. முகத்தில் அடிக்க அடிக்கத் தெளித்தார். "எங்கப்பா குடுத்த எறும்ப நானே எப்படியோ கொன்னுட்டேன்டா" என்று குவானின் கையைப் பிடித்து அழுதுகொண்டே, அந்த மருந்தின் விஷத்தில் உயிரை விட்டார். அப்போதும் குவான் வாயைத் திறக்கவில்லை, பாவி.

கூரையில் ஏதோ சலசலத்தது. காய்ந்த ஓலையில் மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல், சுவர் வழியாகக் கீழே இறங்கி, நாற்காலியைச் சுற்றி வந்தது. கோபம் வந்த முசுறுகள் கூட்டமாக உடம்பை இலையில் தட்டும் சத்தம். மாணவர்களை அவனே எத்தனையோ தடவை கேட்க வைத்திருக்கிறான். நெடியில் கண் எரிந்தது. விளக்கைப் போடலாம் என்று எழப் பார்த்தான்.

கை வரவில்லை.

குனிந்து பார்த்தான். விரல்களுக்கு நடுவே வெள்ளையாக, மெல்லிசாக நூல். கை தொடையோடு தைக்கப்பட்டிருந்தது.

அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். கூடு கட்டும்போது முசுறு முதலில் இரண்டு இலையின் ஓரங்களையும் கடித்து இழுக்கும். சேர்ந்ததும் பிடித்துக்கொள்ளும். பிறகு குஞ்சுப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்து, அது விடும் நூலால் தைக்கும்.

கழுத்தில் ஒன்று. கன்னத்தில் நிறைய.

உதட்டில் முதல் கடி.

கத்துடா. இப்பவாவது கத்து.

துடுப்பு கரையில் தட்டியது. ஹுவே உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். அவனைப் பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏதோ சொல்லணும்னீங்களே தம்பி. சொல்லுங்க."

நான்தான் அக்கா. தொண்டை வரை வந்தது. மேலுதட்டையும் கீழுதட்டையும் கடித்துப் பிடித்தபடி முசுறுகள் வரிசையாக நின்றன. வெள்ளைப் புழுக்கள் நூல் விட்டபடி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போய் வந்தன. ஹுவே கண் இமைக்காமல் காத்திருந்தாள்.