மூச்சுக்கு வரும் நாக்கு

ரிமோட் அலமாரி மேல் தொடப்படாமல் கிடந்தது. ஆனாலும் தனசேகரனின் நாக்கு அசைந்துகொண்டிருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த அனுராதாவின் கை நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணவர் கட்டிலில் சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. செம்மேட்டுக் குடியிருப்பின் ஜன்னலை மலைப்பனி முழுக்க மூடியிருக்க, ஈரச் சுவரின் பூஞ்சை நாற்றத்தோடு மிளகு ரசத்தின் வாசனை கலந்து அறையில் தேங்கி நிற்க, எங்கோ ஒரு பஸ் வளைவில் முக்கி ஏறும் சத்தம் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

தூக்கத்தில் அவருக்கு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். குறட்டை அறுந்து மூச்சு நிற்க, அவள் பதறி உலுக்கிய இரவுகள் எத்தனையோ. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். படுக்கும்போது ரிமோட்டை அழுத்தினால் போதும். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது நரம்பைத் தூண்டி நாக்கை முன்னால் தள்ளும். அதற்குப் பிறகுதான் அவளும் தூங்கினாள்.

இன்று அவர் அழுத்தவில்லை. அசதியில் மறந்துவிட்டார்.

உதடுகளுக்கு நடுவே நாக்கின் நுனி வந்தது. போனது. ஈரமான சின்னச் சத்தம். அவர் மூக்கருகே விரலை வைத்தாள்.

காற்று இல்லை.

"ஏனுங்க... எந்திரிங்க! ஏனுங்க!"

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு நர்ஸ் ஜெசிந்தா ஓடி வந்தாள். கை ஓயும்வரை நெஞ்சை அழுத்தினாள். இமையை விலக்கிப் பார்த்தாள்.

"அக்கா... அண்ணன் போயிட்டாருங்க."

"நாக்கு அசையுதே, பாரு! உசுரு இல்லாம எப்படி அசையும்?"

"அது மெஷினு பண்றதுங்க்கா."

"மெஷின இன்னைக்குப் போடவே இல்ல ஜெசிந்தா!"

ஜெசிந்தா ரிமோட்டை எடுத்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நாக்கு வந்தது. மறுபடி அழுத்தினாள். வந்தது. ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"இங்க சிக்னல் இல்ல. ரோட்டுக்குப் போயி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வாரேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அனுராதா அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நாக்கு வேகவேகமாக வந்து போனது. விம்மல் அடங்கியது. நாக்கும் நிதானமானது.

அவள் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.

நாக்கு நின்றது.

இழுத்தாள். வந்தது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவளோ இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

"எம் மூச்ச எடுத்துக்குங்க சாமி. எடுத்துக்குங்க... என்னய உட்டுட்டுப் போயிராதீங்க."

இழுத்தாள். வந்தது. ஆழமாக இழுத்தாள். இன்னும் நீளமாக வந்தது. அவர் கை சில்லென்றே இருந்தது. மறுபடி வாயைத் திறந்தாள். இழுத்தாள்.

காற்று வரவில்லை.

நெஞ்சைப் பிடித்தாள். இழுத்தாள். இல்லை. கண் இருண்டது.

அவர் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. உதடுகளைப் பிளந்துகொண்டு, நாக்கு முழுதாக வெளியே வந்து நின்றது.