தங்கச்சி எப்படி இருக்காங்க?

மழைக்குப் பயந்து பதிப்பக வாசலுக்குள் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் ஒரே சமயத்தில் ஓடி வந்தார்கள். மோதிக்கொண்டார்கள். அவளுடைய தோள்பை கவிழ்ந்து தூரிகைகள், பென்சில்கள், ஒரு நூலக அட்டை… எல்லாம் தரையில் சிதறின.

கண்ணாடி போட்டிருந்தவன் குனிந்து அட்டையை எடுத்தான். அதிலிருந்த படத்தில் ஒடிசலான முகம், பெரிய கண்கள். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இது… உங்க தங்கச்சியோடதுங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அது அவளேதான். போன வருடத்து அவள். அதற்கப்புறம் விரல் மூட்டுகள் வீங்கி, தூரிகை பிடிக்க முடியாமல் போய், டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து… விரல் வீக்கம் அடங்கியது, கன்னம் உப்பியது. இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ரோஷம் முந்திக்கொண்டது.

"ஆமா. தங்கச்சிதான்."

அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மாடியேறினாள். பாழாய்ப்போன கண் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கண்ணாடியில் மழைத்துளிகளோடு அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்…

பள்ளி உயிரியல் புத்தகத்துக்குப் படம் வரைவது அவள் வேலை. படங்களைச் சரிபார்க்க ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு நிபுணர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் வந்து எதிரே உட்கார்ந்தது சாட்சாத் அந்தக் கண்ணாடிக்காரனேதான்.

"இந்த ஸ்டீராய்டு ஹார்மோன் படத்துல அம்புக்குறி செல்லோட ஓரத்திலேயே நின்னுடுச்சுங்க," என்றான் தயங்கித் தயங்கி. "நிறைய ஹார்மோன் வாசல்ல நின்னு குரல் கொடுக்கும். ஸ்டீராய்டு அப்படியில்ல. சவ்வைத் தாண்டி நேரா உள்ள போயிடும். அங்க அதுக்குன்னே ஏற்பின்னு ஒரு புரதம் காத்துக்கிட்டு இருக்கும். ரெண்டும் சேர்ந்து உட்கருவுக்குள்ள போய் டிஎன்ஏ மேல உட்காரும். சில ஜீனை எழுப்பும், சிலதைத் தூங்க வைக்கும்."

"யாரையும் கேக்காம உள்ள வந்து உட்கார்ந்துக்குமாக்கும்?"

"ஆமா. ஆனா அது செஞ்ச வேலை வெளியில தெரிய நேரமாகும்…"

சிரித்தான். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களும் சேர்ந்து சிரித்தன. இவன் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்…

"அப்புறம்… தங்கச்சி எப்படி இருக்காங்க?"

பூத்தது பொசுக்கென்று வாடிப்போயிற்று.

அதிலிருந்து வாராவாரம் இதே கதை. அம்புக்குறியைத் திருத்துவான், காப்பி குடிப்பான், கிளம்பும்போது மறக்காமல் கேட்பான். தங்கச்சிக்கு ராத்திரி தூக்கம் வருதா? தங்கச்சிக்கு அடிக்கடி பசிக்குதா? ஒரு படத்தைப் பார்த்ததற்கே இவ்வளவு கரிசனமா? அவளுக்கு வயிறு எரிந்தது.

"ராக்கோழி மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கா," என்று பொரிந்தாள். "எந்நேரமும் தின்னுக்கிட்டே இருக்கா. எல்லார் மேலயும் எரிஞ்சு விழறா. நீங்க நினைக்கிற மாதிரி அவ ஒண்ணும் தங்கக் கட்டி இல்ல."

அவன் கவலையோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அந்தக் கவலை இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து புலம்பினால் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஒத்தைப் பிள்ளையைப் பெத்துட்டு நிம்மதியா இருந்தேன். இப்ப இல்லாத தங்கச்சியோட சக்களத்திச் சண்டையா?"

அம்மாவுக்கு என்ன தெரியும். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். மாத்திரையை விட்டுவிட்டால் அந்த முகம் திரும்பி வரும். அதோடு போய் அவன் முன்னால் நிற்கலாம்…

அடுத்த வாரம் அவன் படத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பட்டும் படாமல் கேட்டாள்.

"இந்த ஹார்மோனை மாத்திரையா சாப்பிடறவங்க, சட்டுனு நிறுத்திட்டா என்ன ஆகும்?"

அவன் கையிலிருந்த பென்சில் நழுவியது.

"கூடவே கூடாதுங்க. வெளியிலிருந்து வரவர உடம்பு தானா சுரக்கறதை நிறுத்திடும். திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்…" முகம் வெளிறிப்போயிருந்தது. "நீங்க இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

'நீங்க' என்றா கேட்டான்? அவள் திகைத்துப்போனாள்.

"பையிலதான் இருக்கு… இன்னும் போடல."

அவனே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். டம்ளரைக் கீழே வைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குத் தங்கச்சியே கிடையாது."

"தெரியும். அன்னைக்கு நீங்க மாடி ஏறி முடிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. இந்த மருந்து செய்யற வேலையைத்தான் நான் தினமும் பார்க்கறேன்… முட்டாள் மாதிரி கேட்டுட்டேன். மன்னிப்புக் கேக்கவும் வாய் வரல."

"அப்புறம் எதுக்குத் தங்கச்சி தங்கச்சின்னு என் உயிரை வாங்கினீங்க?"

"உங்களைக் கேட்டா 'நல்லா இருக்கேன்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சிருப்பீங்க. தங்கச்சின்னா மூக்கு சிவக்கச் சிவக்க எல்லாத்தையும் சொன்னீங்க…" குரல் இறங்கியது. "திருத்த வேண்டிய படமெல்லாம் போன மாசமே முடிஞ்சுபோச்சு. இந்த முகத்தைப் பார்க்கத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"என்னைக்காவது டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். அப்ப அந்தத் தங்கச்சி திரும்பி வந்துடுவா."

"வரட்டும்."

"வந்தா அவளை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்…" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எனக்குத்தான்."