காணாமல் போன நிறுத்தம்

காலை மணி ஆறு ஐம்பது. வேம்படிக்குப்பத்தின் பஸ் ஸ்டாப்பைக் காணவில்லை.

பஸ் ஸ்டாப் என்றதும் நிழற்குடை, பெஞ்சு என்று கற்பனை செய்ய வேண்டாம். ஓர் இரும்புக் கம்பம், அதன் தலையில் ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். அதற்கே பானுப்ரியா இரண்டு வருடம் மனு மேல் மனுவாகக் கொடுத்து அலைந்திருந்தாள். நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது அங்கே ஒரு குழிதான் இருந்தது.

ஏழு பத்துக்குப் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் டவுன் பஸ் வந்தது. பானுப்ரியா ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினாள். பஸ் நிற்கவில்லை.

"போர்டு இல்லாத எடத்துல நிறுத்தினா மெமோ குடுப்பாங்கம்மா!" கண்டக்டரின் குரல் மட்டும் புழுதியோடு வந்து சேர்ந்தது.

பொன்னேரி ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. முதலாளி போனில் சுருக்கமாகச் சொன்னார்: "நாளைக்கும் லேட்டுன்னா வேற ஆள் போட்டுக்குறேன்." மாற்றுத்திறனாளி இலவச பாஸ் அவள் கழுத்தில் பத்திரமாகத் தொங்கியது. நிற்காத பஸ்ஸில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பானுப்ரியா புகார் கொடுக்கப் போனபோது ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒரு கம்பத்துக்கு எஃப்.ஐ.ஆரா?"

ஏட்டு செல்வம்மாளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. முதல் நாள்தான் இன்ஸ்பெக்டர் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் காணாமல் போனதற்கு மூன்று போலீஸ்காரர்களை ஓட விட்டிருந்தார். "நான் பாக்குறேன் சார்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

காலை பத்து மணி. ஷேர் ஆட்டோ ரங்கன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ரங்கா, சவாரி ஜோரா?"

"அய்யோ ஏட்டம்மா, நான் இல்ல. ராத்திரி வூட்ல தூங்கினேன்."

"பஸ் நிக்கலைன்னா உனக்குத்தானே லாபம்?"

"லாபம்தான். அதுக்கோசரம் கம்பத்தப் பிடுங்குவேனா? இன்னியோட எங்க பாடு முடியுது. சாயங்காலம் அண்ணன்கூட ஏரியில கம்பு பிடுங்கணும். வுடுங்க, போறேன்."

சாலையை ஒட்டியே ஏரி. முழங்கால் ஆழத் தண்ணீரில் வலை கட்டும் கம்புகள் வரிசையாக நின்றன. அந்த இடத்தைக் குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. முறை முடிந்த குப்பம் தன் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும்.

அடுத்தவர் டீக்கடை பூபதி. காட்டூர்க்காரர். வெறுங்காலோடு அடுப்புக்கும் பெஞ்சுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"கம்பம் உங்க கடைய மறைக்குதுன்னு சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். அதுக்காக? நேத்து கடைசி பஸ்ல ஊருக்குப் போய்ட்டேன். விடிய பால் வண்டியில வந்து பார்த்தா குழி இருக்குது."

மாலை நான்கு மணி. லத்தியோடு நடுரோட்டில் நின்று செல்வம்மாள் அதே டவுன் பஸ்ஸை நிறுத்தினாள். கண்டக்டர் தமிழ்வாணன் மாற்றுத்திறனாளிகளுக்கான சீட்டில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பயணிகள் அவனைத் தேடி வந்து டிக்கெட் வாங்கினார்கள்.

"எந்திரிச்சு டிக்கெட் போட மாட்டியா?"

"கால் படியில தட்டிக்கிச்சு மேடம்."

"ராத்திரி எங்க இருந்த?"

"பழவேற்காட்டுல நைட் ஹால்ட். வண்டியிலயே படுத்துட்டோம். டிரைவரக் கேளுங்க."

"நான் படுத்தா பொணம் மேடம். யார் வந்தா, யார் போனான்னு தெரியாது" என்றான் டிரைவர் அஜித்குமார்.

எல்லோரும் இல்லை என்கிறார்கள். கம்பம் என்ன, தானாக எழுந்து நடந்தா போயிற்று? செல்வம்மாளுக்கு எரிச்சலில் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை. செல்வம்மாள் போனபோது குழியருகே பானுப்ரியா ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நைனா முனியன்.

ஏரி வெறிச்சென்று இருந்தது. முந்தின மாலையே எல்லாக் கம்புகளையும் பிடுங்கிவிட்டார்கள். ஒன்றைத் தவிர. அதன் மேல் ஒரு நீர்க்காகம் சாவகாசமாக இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"அது ஏன் நிக்குது?" என்று முனியனைக் கேட்டாள் செல்வம்மாள்.

"எங்கது இல்லம்மா. அடுத்தவன் கம்ப நாங்க தொட மாட்டோம். அது எங்க ஊர்க் கட்டுப்பாடு."

"போய்த் தொட்டுப் பாருங்க. நான் சொல்றேன்."

முனியன் தண்ணீரில் இறங்கினார். ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்தார்.

"ஏன் இவ்ளோ மெதுவா?"

"அடியில பூரா சிப்பி ஓடு கெடக்குதும்மா. புதுசா இறங்குறவன் உள்ளங்கால கிழிச்சுக்குவான்."

கம்பைத் தட்டினார். இரும்பு கணீரென்றது. காலடிச் சேற்றில் தகரப் பலகையும் கிடைத்தது.

ஏழு பத்துக்கு பஸ் வந்தபோது, ரங்கனும் முனியனும் நீர் சொட்டும் கம்பத்தைக் குழியில் நிறுத்திப் பிடித்திருந்தார்கள். பலகை திரும்பவும் மேலே ஏறியிருந்தது. அஜித்குமார் பிரேக் போட்டான்.

செல்வம்மாள் ஏறினாள். "தமிழ்வாணன், கால காட்டு."

"எதுக்கு மேடம்?" என்றபடியே அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளங்காலில் கட்டுப் போட்டிருந்தது.

"படியில தட்டினா விரல்ல அடிபடும். உனக்கு உள்ளங்கால்ல கட்டு. ராத்திரி ஏரியில இறங்கினியா இல்லையா?"

"ரங்கன் இறங்கியிருப்பான்..."

"ரங்கனுக்கு மறுநாள் கம்பு பிடுங்குறாங்கன்னு தெரியும். இந்தக் குப்பத்துல எல்லாருக்கும் தெரியும். அங்க கொண்டுபோய் ஒளிப்பானா? தெனம் ஜன்னல் வழியா ஏரியப் பாக்குறவன்தான் கம்பு எப்பவும் அங்கயே நிக்கும்னு நம்புவான். பூபதியும் வெளியூர்தான், ஆனா அவர் வெறுங்கால்ல ஓடுறாரு. கீறல்கூட இல்ல."

தமிழ்வாணனின் முகம் சிவந்தது. "இந்த ஸ்டாப்புல ஏர்றது பூரா ஃப்ரீ மேடம்! பொம்பளைங்க ஃப்ரீ, ஸ்கூல் பசங்க ஃப்ரீ. இந்தப் பொண்ணு ஒரு படி ஏறதுக்குள்ள என் டைமு போவுது. கலெக்‌ஷன் ஏன் கம்மின்னு டிப்போவுல திட்டு வாங்கறது நான்தானே?"

பானுப்ரியா ஊன்றுகோலை உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்து, அவசரப்படாமல் ஏறினாள். அவன் எதிரில் வந்து நின்றாள். இரண்டு வருடக் கோபம் குரலில் நடுங்கியது.

"எந்திரிங்க சார். அது என் சீட்டு."

அவன் எழுந்தான். வெட்டுப்பட்ட காலைத் தூக்கிக்கொண்டு கம்பியில் தொங்கினான்.

"இன்னாப்பா டிரைவர், பாக்குற? அந்தப் பொண்ணுக்கு லேட்டாவுது. இவனை நான் பொன்னேரியில பாத்துக்குறேன்" என்று தமிழ்வாணன் கையிலிருந்த விசிலைப் பிடுங்கி செல்வம்மாளே ஊதினாள்.

பஸ் கிளம்பியது. பொன்னேரி வரைக்கும் யாரும் தமிழ்வாணனுக்கு இடம் கொடுக்கவில்லை.