எட்டு வீடும் பச்சை

வளர்மதியின் மாடி அறைக்கு மகாவீரன் வந்தபோது கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கூடவே அவன் கூட்டாளி குரு. வளர்மதி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பஜ்ஜித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"பொழுது சாஞ்சிடுச்சுக்கா. நாங்க ஜைனருங்க, விளக்கு வெச்சப்புறம் எதுவும் வாயில வைக்கமாட்டோம்," என்றான் மகாவீரன்.

அவன் பங்கையும் குருவே ஏற்றுக்கொண்டான். பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தப் பொறுப்பு அவனுடையது.

இருவருமாகச் செஞ்சி வட்டாரத்தில் எட்டு வீடுகளுக்கு சோலார் பேட்டரி மாட்டியிருந்தார்கள். மாட்டுவது குரு. கடையில் உட்கார்ந்தபடியே எட்டையும் ஒரே திரையில் கண்காணிப்பது மகாவீரன். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் ஓட வேண்டும்.

முந்தாநாள் தொண்டூரில் கரண்ட் போனது. அங்கே தனியாக இருக்கும் மகாவீரனின் அம்மா நீலாஞ்சனாவின் ஆக்சிஜன் மிஷின் சற்று நேரத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டியதால் உயிர் மிச்சம். அத்தனை நேரமும் திரையில் அந்த வீடு பச்சையாகவே இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், புது பேட்டரிகள் இருந்த இடத்தில் செத்த பழசு.

"பெத்த தாய்க்கே டுபாக்கூர் பேட்டரி மாட்டிட்டான்னு ஊரே பேசுதுக்கா. யாருன்னு தெரிஞ்சாதான் எங்கம்மா மூஞ்சிய பாக்க முடியும்."

"எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் மேலதான் டவுட்டு," என்றான் குரு. "காரோட ரெடியா இருந்தான் பாருங்க!"

காப்பாற்றியவனிலிருந்து விசாரணையைத் தொடங்குவது குருவின் தனி முறை. வளர்மதி அதை மறுக்கவில்லை. "தொண்டூர் வீட்டு கிராப்பைக் காட்டுப்பா," என்றார்.

மகாவீரன் போனை நீட்டினான்.

"இன்னா இது, ராத்திரியில இத்தினி பெரிய மேடு?"

"மிக்ஸிக்கா. சட்னி அரைப்பாங்க. அப்புறம் கரண்ட் அடுப்பு. தெனமும் வர்றதுதான்..." வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான்.

"உங்கம்மா இருட்டினப்புறம் யாருக்குப்பா சட்னி அரைக்கறாங்க?"

மகாவீரன் எட்டு வீட்டையும் தினமும் பார்த்தான். பச்சையை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

"பேட்டரிய எடுத்தவன் சும்மா போயிருந்தா அன்னிக்கே திரை சிவப்பாயிருக்கும்," என்றார் வளர்மதி. "அதனால வேற வீட்டுக் கணக்க உங்கம்மா பேர்ல ஓட வுட்டிருக்கான். ஒரே நேரத்துல ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா மாட்டிக்குவான் இல்ல? ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கான். இதோ பாரு. தொண்டூரோட இன்னிக்கு கிராப்பும் இந்த வீட்டோட நேத்து கிராப்பும் மேடு பள்ளம் மாறாம ஒண்ணு. இது யார் வீடு?"

திரையில் பெயர் இருந்தது. குரு.

"இத மாத்தற பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்குது?"

"எங்க ரெண்டு பேர்கிட்டதான்," என்றான் மகாவீரன், போனைப் பார்த்தபடியே.

குருவின் கையில் கடைசி பஜ்ஜி அப்படியே நின்றது.

"வல்லத்துல கல்யாண மண்டபத்துக்கு அவசரமா கேட்டாங்க மச்சான். புது ஸ்டாக் வந்ததும் திருப்பி மாட்டிடலாம்னு..."

"எட்டு வீட்ல எங்கம்மா வீடுதான் கெடச்சுதா?"

"மத்தவங்க நான் வேலை செய்யறப்ப கூடவே நிப்பாங்கடா. அம்மாதான் சாவியக் குடுத்துட்டு உள்ள போயிடும்."

மகாவீரன் போனை மேசைமேல் வைத்தான்.

"சின்ன வயசுலேர்ந்து எங்கம்மா கையால தின்னிருக்கே," என்றான் மகாவீரன். "ஒரு நாளாவது விளக்கு வெச்சப்புறம் உனக்கு சோறு போட்டிருக்குதா?"

குரு உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

"எனக்கு சீக்கிரம் பசிக்கும்னுதான் முன்னாடியே போடுதுன்னு நெனச்சிருந்தேன்டா."

மேசைமேல் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எட்டு வீடும் பச்சை. நீலாஞ்சனா ஆஸ்பத்திரியில் கிடக்க, பூட்டிய தொண்டூர் வீட்டு கிராப்பில் அப்போதுதான் யாரோ மிக்ஸியைப் போட்டார்கள்.