ஆறாவது பலகை

சமையலறையின் பின்சுவரில் ஒரு பலகை சாத்தியிருந்தது. முந்தின நாள் அது அங்கே இல்லை. ஒரு பக்கம் கரியெண்ணெய் பூசி, அதன்மேல் சிமென்ட் பால் அப்பி வெளுத்து, முனையில் வளைந்த ஆணியோடு, ஊறிப்போன மாமரத்தின் புளித்த வாடையை அந்தப் பிற்பகல் வெயிலில் விட்டபடி நின்ற அதைக் கண்டதும், கொட்டாரம் ஊரில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்த சத்தியராஜ் குனிந்து ஆணியைத் தொட்டுப் பார்த்தார். அது அவருடைய பலகை. அதையும் சேர்த்து ஆறு பலகைகள், செப்டிக் டேங்கை மூடிய கான்கிரீட்டுக்கு அடியில் இரண்டு வருடமாகக் கிடந்தவை.

“ஆள் அனுப்பினா சொல்லப்படாதா அண்ணாச்சி?” என்றாள் குடியிருக்கும் ஸ்மிதா, ஈரத்துணி வாளியோடு. “மத்தியானம் பூரா அடியில ஆணி பிடுங்குத சத்தமாக்கும். கண்ண மூட முடியல்ல.”

“நான் யாரையும் அனுப்பல்லியே மக்கா.”

“பின்னே, பலகை தானா நடந்து வந்துச்சா?”

சிரித்துக்கொண்டே டேங்கின் மேல் ஏறித் துணி விரித்தாள். கொடி அங்கேதான் கட்டியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், கான்கிரீட் போட்ட பதினைந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடியில் முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைப் பிரிக்க டேங்குக்குள் இறங்கியவன் கொத்தனார் கிருஷ்ணமணி. மேலே சத்தியராஜ் மட்டும். அவன் நீட்ட நீட்ட இவர் வாங்கி வைக்க வேண்டும். “பிடிங்க அண்ணாச்சி” என்று குரல் வந்தது. பலகை வரவில்லை. குனிந்து கூப்பிட்டார். அடைந்து கிடந்த குழியின் கெட்ட காற்று முகத்தில் அடித்தது. பிறகு கீழிருந்து மூன்று தட்டல்.

தெருமுனைக் கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் போலீஸ், கேஸ். சாவு விழுந்த வீட்டுக்கு எவன் குடிவருவான்? தட்டல் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் கையாலேயே சிமென்ட் குழைத்து டேங்கின் வாயை அடைத்தார். கிருஷ்ணமணி கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னார். மறுவாரம் கழிப்பறைக் குழாயையும் டேங்கோடு இணைத்துவிட்டார். கூலிக்காரன் காணாமல் போனால் ஊர் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறது!

மறுநாள் இரண்டாவது பலகை. அதற்கு மறுநாள் மூன்றாவது.

சத்தியராஜுக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கான்கிரீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பதே அந்தப் பலகைகள்தான் என்று அவருக்குத் தெரியும். வாடகை வீட்டுக்கு இது போதும் என்று கடல்மணலில் கலந்து போட்டது. “உப்பு கம்பியத் தின்னுரும் அண்ணாச்சி” என்று கிருஷ்ணமணி அன்றைக்கே சொன்னான். “நீயாலே குடியிருக்கப் போற?” என்று இவர் கேட்டார்.

ஐந்தாவது பலகை வந்த அன்று ஸ்மிதாவிடம், “கொடிய வேற எடத்துல கட்டு மக்கா” என்றார்.

“ஏன்?”

“சும்மாதான்.”

“சும்மாவுக்கு நான் எதுக்கு மாத்தணும்?”

அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

ஆறாம் நாள் அரை மூட்டை சிமென்ட்டோடு வந்தார். ஸ்மிதா டேங்கின் மேல் துணி விரித்துக்கொண்டிருந்தாள். இவர் பார்வை அடைத்த வாய்க்குப் போயிற்று. இரண்டு வருடச் சிமென்ட். ஈரமாக இருந்தது. இப்போதுதான் குழைத்து அப்பியதுபோல, அவருடைய ஐந்து விரல் தடத்தோடு.

கீழே ஆணி கிறீச்சிட்டது.

நின்றது.

மூன்று தட்டல்.

ஈரச் சிமென்ட் பிளந்தது. பலகை முனை மேலே வந்தது. மெல்ல. வேலையாள் நீட்டுகிற மாதிரி.

“பிடிங்க அண்ணாச்சி.”

“ஆள் அனுப்பல்லன்னு சொன்னியளே!” ஸ்மிதா வாளியை வைத்தாள். “இரும், நான் பிடிக்கேன்.”

ஒரு சத்தம் போதும். இறங்கு என்று ஒரே சொல். அப்புறம் ஏன் என்று கேட்பாள். எல்லோரும் கேட்பார்கள்.

சத்தியராஜ் காத்திருந்தார்.

அவள் குனிந்து இரண்டு கையாலும் இழுத்தாள். பலகையின் மறுமுனையை விடாமல், சிமென்ட் அப்பி வெளுத்த நான்கு விரல்களும் கூடவே மேலே வந்தன. அவள் இரண்டு பாதங்களுக்கும் நடுவே கான்கிரீட்டில் ஒரு கோடு ஓடியது.