துண்டு கிடந்த இருக்கை

அடிவாரத்தில் பேருந்து நின்றதும் நிலவரசி ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறினாள். உள்ளே ஈ காக்கை இல்லை. அதனால் என்ன? மலைப் பேருந்தில் துண்டு போடாமல் ஏறினால் ஏறிய மாதிரியே இருக்காது. துண்டு கிடந்த ஜன்னலோர இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பக்கத்துல ஆள் வருதாம்மா?" என்று கேட்டது தானோட்டி.

"வருது. வேங்கைமேட்டுல ஏறுவாரு."

"சரிம்மா." கதவு மூடியது.

நிலச்சரிவுகள் நடந்த பிறகு, மலைமேல் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சனங்களைச் சமவெளிக்கு இறக்கிவிட்டார்கள். ஓட்டுநர், நடத்துநர் இருவர் வேலையையும் பார்க்கும் தானோட்டிக்கு மட்டும் யாரும் அதை விளக்கவில்லை. அது மலைச்சனங்களோடு பழகிக் கற்ற இயந்திரம். ஓர் ஊர் ஆளுக்குத் துண்டு கிடந்தால் அந்த ஊர்வரை போகும். பொழுது சாயும்வரை காத்திருக்கும். வராவிட்டால் நாளைக்கு வருவார் என்று இறங்கிவிடும். ஆள் இனி வரமாட்டார் என்று துண்டை எடுத்துவிட்டால் அந்த ஊரே தடத்திலிருந்து அழிந்துபோகும். முதல் ஆண்டில் இருக்கைதோறும் துண்டு கிடந்தது. பிறகு ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார்கள். பிழைப்பைப் பார்க்க வேண்டாமா? மிச்சம் இருந்தது இவள் துண்டுதான்.

புருஷன் மாதையன், சரிவு நடந்த அன்று மாட்டை அவிழ்த்துவிடப் போனவன். உடல் கிடைக்கவில்லை. உடலே இல்லாதவனை எந்த வாயால் செத்தவன் என்பது?

வேங்கைமேட்டில் மழை பிடித்திருந்தது. வீட்டுக் கூரைகளை உண்ணிச்செடி மூடியிருந்தது. பேருந்து கதவைத் திறந்து காத்திருந்தபோது, நனைந்தபடி ஓர் ஆள் ஓடிவந்து ஏறினான். நிலவரசி எழுந்தேவிட்டாள். ஆனால் அவன் ரஃபீக், மழைமானியைப் பழுதுபார்க்க வந்தவன். அவன் ஜீப் சேற்றில் புதைந்துவிட்டதாம்.

"அக்கா, மண்ணு நகருது! சென்சார் கத்துது. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"ஆள் வரணும் சார்" என்றது தானோட்டி.

"எந்த ஆளு? இங்க ஏது ஆளு?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். பேருந்து அசையவில்லை. மேலே எங்கோ பாறை உருண்டது. ரஃபீக் துண்டைப் பார்த்தான். கையை நீட்டினான், என்ன நினைத்தானோ, இழுத்துக்கொண்டான்.

"எனக்குக் கைக்குழந்தை இருக்குக்கா. நீங்களே எடுத்துருங்க."

நிலவரசி துண்டை எடுத்தாள்.

"ஆள் வரலையாம்மா?"

"வரமாட்டாரு. செத்துட்டாரு."

இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் சொன்னாள். சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வேங்கைமேடு இனி இல்லை" என்று அறிவித்துவிட்டுப் பேருந்து இறங்கத் தொடங்கியது. பின்னால் மலை சரியும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் துண்டில் முகம் புதைத்து அழுதாள்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பேருந்து தானாகவே நின்றது. கதவு திறந்தது.

"இங்க எதுக்கு நிக்குது?" ரஃபீக் எழுந்து வெளியே பார்த்தான்.

நிலவரசிக்குத் தெரியும். ஊரில் வண்டியைத் தவறவிட்டவர்கள் குறுக்குப் பாதையில் ஓடிவந்து ஏறுகிற இடம் அது. மாதையன் பாதி நாள் இங்கேதான் ஏறுவான், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு. தானோட்டிக்குச் சாவு தெரியாது. பொழுது சாயுமுன் ஆளை விட்டுவிட்டு வந்தால், ஆள் குறுக்கே வருவார் என்பதுதான் அதற்குத் தெரியும்.

மூடுபனி படியேறி உள்ளே வந்தது. வேறு எதுவும் வரவில்லை. சற்று நேரம் கழித்துக் கதவு மூடியது.

"மூணு பேரும் அடிவாரம்தானே?" என்று கேட்டது தானோட்டி.

ரஃபீக் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். நிலவரசி கண்ணைத் துடைத்தாள். ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"ஆமா" என்றாள். "மூணு பேரும்."